இருநூறு மணி நேரம்

அக்டோபர் 30, திங்கள்

கடவுள் இருக்கிறார். இன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கே ஒரு பிளாஸ்டிக் பையில் வந்து சேர்ந்தார்.

"சாரதாமணி, இது உங்க டேபிளுக்கு" என்று வின்சென்ட் சார் பையை வைத்துவிட்டுப் போனார். எங்கள் கூடத்தின் இயக்குநர் அவர். உள்ளே நான்கு உடைந்த போல்ட்டுகள், கட்டைவிரல் பருமன், தலை வேறு உடல் வேறாக. ஒப்பிட்டுப் பார்க்க அதே பேட்சில் பிரிக்காத புது போல்ட்டுகள் ஆறு. தலையில் பொறித்திருந்த முத்திரையை மறுபடி மறுபடி பார்த்தேன். மாருதம் ஃபாஸ்டனர்ஸ். நஞ்சப்பனின் கம்பெனி. எட்டு வருஷத்துக்கு முன் என்னைத் திருடியைப் போல வாசலோடு அனுப்பிய கம்பெனி.

அனுப்பியது ஒரு பெரிய வார்ப்பாலை. அங்கே உருகிய இரும்பைத் தூக்கிப் போகும் கிரேனில் இருந்த போல்ட்டுகளாம். ஆகஸ்டில் மாட்டியவை. போன வெள்ளிக்கிழமை காலை நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை தெறித்து, தாங்கு சட்டத்தின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அந்த நேரம் அதில் தொங்கிய இரும்புக் கொள்கலன் காலி. யாருக்கும் அடியில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் காரணம் கேட்டிருக்கிறார்.

காரணத்தை நான் எழுதப்போகிறேன். நஞ்சப்பனுக்கு நான். நினைத்தாலே இனிக்கிறது.

அந்தக் கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவள் என்பதை வின்சென்ட் சாரிடம் சொல்லிவிட வேண்டும், கூடத்தின் விதி அது. நாளைக்குச் சொல்கிறேன்.

கேஸ் சிலிண்டர் வரவில்லை. மறுபடி போன் செய்ய வேண்டும்.

அக்டோபர் 31, செவ்வாய்

போல்ட் முறிந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தேன். கற்கண்டு. உடைத்த கற்கண்டுக் கட்டியைப் போல, பட்டை பட்டையாக, மழமழவென்று. இதைப் பார்க்கத்தான் எட்டு வருஷம் உயிரை வைத்திருந்தேன் போலிருக்கிறது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லித் தருவது இதுதான். உப்புக்கல்லைச் சுத்தியலால் தட்டினால் தூளாகிறது, இரும்புக் கம்பி வளைகிறது. ஏன்? உப்பில் நேர்மின் அணுவும் எதிர்மின் அணுவும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கின்றன. தட்டும்போது ஒரு அடுக்கு சற்றே நகர்ந்தால் போதும், ஒரே இனம் எதிரெதிரே வந்து நின்று ஒன்றையொன்று தள்ளிவிடும். அதோடு கதை முடிந்தது. இரும்பு அணுக்களோ எலக்ட்ரான்களைப் பொதுவில் போட்டுப் பிழைப்பவை. அடுக்கு நகர்ந்தாலும் பக்கத்து அணுவோடு பிணைப்பு தொடரும். அதனால்தான் இரும்பு வளைந்து, நீண்டு, எச்சரித்துவிட்டுத்தான் உடையும்.

நல்ல இரும்பு உடைந்தால் முகம் குழிகுழியாக இருக்கும், இழுபட்ட தடம் தெரியும். இந்தப் போல்ட் வளையவே இல்லை. ஹைட்ரஜன் புகுந்த இரும்பு இப்படித்தான் உடையும். அணுக்களிலேயே சின்னது ஹைட்ரஜன். கடினமான எஃகுக்குள் நுழைந்து, படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவிலுள்ள எல்லையில் போய் உட்கார்ந்துகொண்டு பிணைப்பைத் தளர்த்திவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. இறுக்கி முடுக்கிய போல்ட் ஒருநாள், மிஞ்சினால் சில நாள் நிற்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தலை தெறிக்கும்.

போல்ட்டுக்குத் துத்தநாக முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போகும். ஆகவே பூசிய நான்கு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, இருநூறு டிகிரியில் எட்டு மணி நேரம் வாட்டி அதை விரட்ட வேண்டும். வாட்டவில்லையென்றால் இந்தக் கற்கண்டுதான். நஞ்சப்பன் மறுபடியும் அடுப்பை அணைத்திருக்கிறார்!

மரைகளுக்குள் கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன். ஆகஸ்டில் மாட்டிய போல்ட் அக்டோபர் கடைசி வரை ஏன் காத்திருந்தது என்று ஒரு கேள்வி வந்தது. முலாமில் புகுந்த ஹைட்ரஜன் அத்தனை வாரம் பொறுமையாக இருக்காது. இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு.

நவம்பர் 1, புதன்

இன்று காலை பதினொரு மணிக்கு ஒரு புது போல்ட்டைச் சட்டத்தில் ஏற்றி, தாங்கக்கூடிய பளுவில் முக்கால் பங்கைக் கொடுத்து இறுக்கியாயிற்று. இருநூறு மணி நேரச் சோதனை. வாட்டாத போல்ட்டாக இருந்தால் அதற்குள் உடையும். உடையாவிட்டால் போல்ட் சுத்தம். ஒன்பதாம் தேதி மாலை ஏழு மணிக்கு முடியும். அதுவரை போக மாட்டாய் மகளே, நாளைக்கே உடைவாய்.

எழுதிவைக்கிறேன், பிற்பாடு யாராவது படித்தால் நான் பைத்தியம் என்று நினைக்கக் கூடாது.

எட்டு வருஷத்துக்கு முன் நான் நஞ்சப்பனிடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். இதே வார்ப்பாலைக்குப் போன போல்ட்டுகள் இதே மாதிரி உடைந்தன. அன்று கொள்கலன் காலியாக இல்லை. சின்னராசு என்ற தொழிலாளியின் வலது பாதம் போய்விட்டது. தூங்கிப்போய் வாட்டாமல் அனுப்பிவிட்டாள் என்று என்மேல் பழி. நான் என் கையால் அடுப்பில் வைத்தேன். மாலை ஆறு மணிக்கு வெப்பமானி பார்த்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். விசாரணைக்குப் பதிவேடு வந்தபோது அந்தப் பக்கம் இல்லை. கிழித்த தடம் மட்டும் இருந்தது.

நான் கிளம்பியதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நஞ்சப்பன்தான் அடுப்பை அணைத்திருக்கிறார், அணைத்த நேரம் பதிவேட்டில் ஏறியிருக்கும், அதனால் கிழித்துவிட்டார். இதை நான் அன்றே சொன்னேன். ஒருத்தர்கூடக் காது கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சின்னராசுவைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தத் தூங்குமூஞ்சிப் பொம்பளையை வெளிய போகச் சொல்லுங்க" என்றார். நிச்சயித்திருந்த கல்யாணமும் நின்றது. ஒருவன் காலை எடுத்தவள் என்று பெயர் வாங்கியவளை யார் கட்டுவார்கள்?

நஞ்சப்பன் கம்பெனிக்கு இப்போது மூன்று கிளை.

நவம்பர் 2, வியாழன்

உடையவில்லை. இருபத்து மூன்று மணி நேரம்.

நவம்பர் 3, வெள்ளி

உடையவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவோடு போய்ச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். புளிசாதம். போல்ட் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மாருதத்திலிருந்து போன் வந்தது. தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் பெண், பெயர் தாரணி. குரலில் இருபத்தைந்து வயதுகூட இல்லை. "மேடம், நான் நல்லா வாட்டித்தான் அனுப்புனனுங்க. ரெஜிஸ்டர் இருக்குங்க. வேணும்னா கொண்டாந்து காட்டட்டுங்களா?" என்றாள். வேண்டாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கு அவள் மேல் கோபமில்லை. அவள் முதலாளிமேல்தான். ஆனால் குறி அவருக்கு வைத்தால் நடுவில் அவள் நிற்கிறாள், அதற்கு நான் என்ன செய்ய?

வின்சென்ட் சாரிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தேன். பாத்ரூம் தரையில் மஞ்சள் கறை. கடையில் வாங்கிய ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். பக்கத்தில் இருந்த பழைய வாளியின் பிடியில் கொஞ்சம் தெறித்தது. துத்தநாகம் பூசிய பிடி. நுரைத்துப் பொங்கியது. கழுவிவிட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் புத்தம் புதிதாக மின்னியது.

நுரை என்பது ஹைட்ரஜன். முக்கால்வாசி காற்றில் போகும். மிச்சம் இரும்புக்குள் போகும்.

மரையில் இருந்த சந்தனம், குங்குமம்.

ஆயுத பூஜை அக்டோபர் 23. கிரேன் உடைந்தது 27.

எட்டு வருஷத்துக்கு முன் ஆயுத பூஜை அக்டோபர் 21. சின்னராசுவின் கால் போனது 26.

பாத்ரூம் பளிச்சென்று ஆகிவிட்டது. குழாயையும் மாற்றினால் நன்றாக இருக்கும்.

நவம்பர் 6, திங்கள்

வார்ப்பாலைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பராமரிப்பு மேஸ்திரி ஆறுச்சாமி அன்பான மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார்.

"பூசைக்குக் கிரேனையெல்லாம் சுத்தம் பண்ணுவீங்களா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அதெப்படீங்க பண்ணாம? வருசம் பூரா நமக்குச் சோறு போடறது. போல்ட்டு நட்டெல்லாம் கழட்டி, ஆசிட்டுல ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, தண்ணியில அலசி, சந்தனம் குங்குமம் வெச்சு மறுபடி மாட்டிருவனுங்க. பாத்ரூமுக்கு ஊத்துவமுல்லீங்க, அதே ஆசிட்டுதான். வெள்ளிக்காசாட்டம் ஆயிருமுங்க." முகமெல்லாம் பெருமை.

"எத்தனை வருஷமா?"

"அது ரொம்ப நாளாங்க. நடுவுல ஒண்ணு ரெண்டு போல்ட்டுத் தலை போகும், புதுசு மாட்டிக்குவமுங்க. முன்னெல்லாம் இந்த வேலைய சின்னராசுதான் பாப்பான். அவன் கை பட்டா இன்னும் பளிச்சுனு இருக்கும். கால் போனதுக்கப்புறம் நான் எடுத்துக்கிட்டனுங்க."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணாந்து பார்த்தேன். கொட்டகையின் அந்தக் கோடியில் இரண்டாவது கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கொள்கலன், அதில் செக்கச்செவேலென்று இரும்பு, அதற்குக் கீழே ஐந்தாறு பேர்.

"அதோட போல்ட்டும் கழுவினதுதானா?"

"ஆமாங்க. ரெண்டையும் ஒண்ணாத்தான் கழுவுனனுங்க. தீவாளி முடியற வரைக்கும் அதை நிறுத்த முடியாதுங்க, ஆர்டர் கெடக்குது."

அப்படியென்றால் அடுப்பு ஓடியிருக்கிறது. இந்த முறையும், அந்த முறையும். நஞ்சப்பன் அணைக்கவில்லை. அவரும் குற்றவாளி இல்லை, நானும் இல்லை. என்னை நான் விடுவிக்க வேண்டுமென்றால் முதலில் அவரை விடுவிக்க வேண்டும். எட்டு வருஷம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு இதுவா பலன்? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

'ஹைட்ரஜனால் நொறுங்கியது' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது பொய்யில்லை. ஆசிட்டைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விட்டால் போதும். படிக்கிறவர்கள் முலாம் போட்டவன் தப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆறுச்சாமியிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சோதனை இன்னும் முடியவில்லை அல்லவா? முடியாமல் எதையும் சொல்லக் கூடாது. இட்லிக்கு ஊறப் போட்டேன்.

நவம்பர் 7, செவ்வாய்

விடியும் முன்பே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மாவு அரைக்கவில்லை.

வாசலிலேயே ஆறுச்சாமியைப் பிடித்து, "அந்தக் கிரேனை நிறுத்துங்க. இப்பவே" என்றேன். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார். "கேட்டுட்டு வர்ற வரைக்கும் கீழ ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்று கத்தினேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பத்து மணிக்கு நிறுத்தினார்கள்.

போல்ட்டுகளைக் கழற்ற ஆறுச்சாமியே ஏறினார். மொத்தம் எட்டு. மூன்றாவதில் ஸ்பேனரை வைத்து லேசாகத் திருப்பினார், தலை தனியாக அவர் கைக்கு வந்தது. ஆறாவதும் அப்படியே. இறங்கி வந்து இரண்டு தலைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

தலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப சின்னராசு கால்..." என்றார்.

"ஆமாங்க."

"அவனே கழுவுன போல்ட்டுங்க அது."

"ஆமாங்க."

"அம்மிணி, இத அவன்கிட்ட யாரும் சொல்லிராதீங்க."

நான் அந்த இரண்டு தலைகளையும் வாங்கிப் பையில் போட்டேன். எனக்கும் ஒரு பெயர் இருந்தது, அதை அந்த ஆள் எட்டு வருஷமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்.

நேற்று மாலை நாலரை மணியிலிருந்து இன்று காலை பத்து வரை அந்தக் கிரேன் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரிந்து ஓடியிருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

கூடத்துக்கு வந்ததும் ஒரு புது போல்ட்டை ஆசிட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அலசி, நான்கு மணிக்கு இரண்டாவது சட்டத்தில் ஏற்றினேன்.

நவம்பர் 8, புதன்

காலை ஒன்பது பத்துக்கு டப்பென்று சத்தம். ஆசிட் போல்ட் போய்விட்டது. பதினேழு மணி பத்து நிமிஷம். முகத்தைப் பார்த்தேன், அதே கற்கண்டு. பக்கத்துச் சட்டத்தில் கழுவாத போல்ட் நூற்று அறுபத்தாறு மணி நேரமாக அசையாமல் நிற்கிறது.

நவம்பர் 9, வியாழன்

மாலை ஏழு மணி. இருநூறு மணி நேரம் முடிந்தது. உடையவில்லை. கழற்றி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நல்ல போல்ட். சரியாக வாட்டியிருக்கிறாள் அந்தத் தாரணி. நானும் அன்று அப்படித்தான் வாட்டினேன்.

நாளைக்கு அறிக்கை எழுதி, நஞ்சப்பனுக்கு நற்சான்று கொடுக்க வேண்டும். என் தலையெழுத்து.

நவம்பர் 10, வெள்ளி

நஞ்சப்பன் வந்தார். தீபாவளி இனிப்புப் பெட்டியோடு.

தொந்தி வைத்திருக்கிறது. முடி கறுப்பாக இருக்கிறது, சாயம். என்னைக் கண்டதும் ஒரு நொடி தடுமாறி, உடனே சிரித்தார்.

"அட, சாரதாமணியா? நீங்க இங்கயா இருக்கறீங்க? ரொம்ப நல்லதாப் போச்சுங்க. நம்ம ஆளு."

எதற்கு வந்தீர்கள் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆசிட்டு கீசிட்டுன்னு இங்கிருந்து வந்து வெசாரிச்சதா ஆலையில சொன்னாங்க. அதெல்லாம் எழுதிராதீங்க. எங்க போல்ட்டு சரியா வாட்டலைன்னே எழுதிருங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"உங்க போல்ட் நல்ல போல்ட்டுங்க. இருநூறு மணி நேரம் நின்னிருக்குது."

"நிக்குமுங்க, எனக்குத் தெரியாதா? எஞ்சரக்கு. ஆனா அந்த ஆலைதான் எனக்குப் பாதி ஆர்டரு தருது. உன்ற ஆளு மடத்தனமாக் கழுவிட்டான்னு ரிப்போர்ட்டு போனா, இன்ஸ்பெக்டரு அவங்களப் புடிப்பாரு, அவங்க என்னைய விட்டுருவாங்க. வாடிக்கைக்காரன் மேல பழி போட்டுட்டு யாவாரம் பண்ண முடியுங்களா? நம்மகிட்ட ஒரு புள்ள கவனிக்கல, அவளை அனுப்பிட்டம்னு சொன்னா மேட்டர் முடிஞ்சுருமுங்க."

"எந்தப் பிள்ளை?"

"தாரணின்னு ஒண்ணு. தப்பு எம்மேலதான்னு லெட்டரு எழுதி வாங்கி வெச்சுட்டன்."

நான் மெல்லக் கேட்டேன். "அன்னைக்கும் ஆசிட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? மறாநாளே போய்ப் பாத்தனே, ஆசிட்டு வாளி அங்கயேதான் இருந்துச்சு."

"பதிவேட்டுல அந்தப் பக்கத்தை ஏன் கிழிச்சீங்க?"

அவர் என்னை ஒரு மக்கு மாணவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அடுப்பு ஓடுச்சுன்னு அதுல தெளிவா எழுதியிருந்துச்சே அம்மிணி. அதை வெச்சுக்கிட்டு உம்மேல எப்படிப் போடறது? சரி, பழசு எதுக்குங்க. உங்களுக்கும் இப்ப நல்ல வேலைதானே?"

எட்டு வருஷம். அடுப்பை அணைத்ததற்காக இந்த ஆளை நான் வெறுத்தேன். அடுப்பு ஓடியது தெரிந்தேதான் என்னைக் கொன்றிருக்கிறார். நான் நினைத்ததைவிடக் கேடுகெட்டவர். அதோடு நிற்கவில்லை. ஆசிட் என்று அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த எட்டு ஆயுத பூஜையும் அந்த வாளி நிறைந்திருக்காது.

இன்னொன்றும் புரிந்தது. அவரை ஒழிக்க நான் எழுத நினைத்த அறிக்கையைத்தான் அவர் இனிப்போடு வந்து கேட்கிறார். அதை எழுதினால் அவருக்கு ஒரு கீறலும் விழாது, தாரணிதான் போவாள். அவரைக் கொல்ல ஒரே வழி, அவர் போல்ட்டை வாயாரப் புகழ்வது.

"கவலைப்படாதீங்க, நல்லபடியா எழுதறேன்" என்றேன். சந்தோஷமாகப் போனார். மைசூர்பாகை எல்லோருக்கும் கொடுத்தேன். நானும் ஒன்று சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 11, சனி

என் வாழ்க்கையில் இவ்வளவு மனமகிழ்ந்து அறிக்கை எழுதியதில்லை. வெப்பச் சிகிச்சை சரி. கடினத்தன்மை சரி. முலாம் சரி. முலாமுக்குப் பின் வாட்டியது முறையாக, உரிய நேரத்தில் நடந்திருக்கிறது, பதிவேட்டின் நகல் இணைப்பில். நகலைத் தாரணி இன்று காலையே கொண்டுவந்து கொடுத்தாள், நான்தான் கூப்பிட்டேன். தயாரிப்பாளர் மேல் எள்ளளவும் குற்றமில்லை. காரணம், ஆலையில் ஆயுத பூஜைக்காக ஆசிட்டில் ஊறவைத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஆலையில் இதே பூஜைக்கு ஐந்து நாள் கழித்து நடந்த முறிவையும் மறுபரிசீலனை செய்வது நல்லது. ஏழு பக்கம்.

பிறகு வின்சென்ட் சாரிடம் போய், பன்னிரண்டு நாளாக மறைத்ததைச் சொன்னேன். அவர் கோபத்தில் மேஜையைத் தட்டினார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா உங்களை இந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டேன்" என்றார். சாயங்காலம் வரை ஒவ்வொரு படத்தையும், ஒவ்வொரு எண்ணையும் தானே சரிபார்த்தார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கையெழுத்து மட்டும் அவருடையது. என் பெயர் எங்கும் இருக்காது.

பரவாயில்லை. ஆலைக்கு ஒன்று, ஆய்வாளருக்கு ஒன்று, தயாரிப்பாளருக்கு ஒன்று. மூன்று உறையையும் நானே ஒட்டினேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 20, திங்கள்

மதியம் நஞ்சப்பன் போன். எடுத்ததுமே கத்தினார்.

"பாவி, என்ற கம்பெனிய மூடிட்டியேடீ! பர்ச்சேஸ்காரன் போனே எடுக்க மாட்டேங்கறான். ஆர்டரெல்லாம் ஓசூர்க் கம்பெனிக்காரனுக்குப் போயிருச்சு."

"ஏனுங்க, உங்க போல்ட் நல்லதுன்னுதானே எழுதியிருக்குது. ஒரு எழுத்துப் பொய் இருந்தாச் சொல்லுங்க."

டப்பென்று போனை வைத்துவிட்டார். நான் சிரித்தேன். பக்கத்து மேஜையில் எட்டிப் பார்த்தார்கள், நிறுத்த முடியவில்லை.

மாலையில் தாரணியும் கூப்பிட்டாள். அவளிடம் எழுதி வாங்கிய கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஆனால் வேலை குறைந்து போனதால் ஒரு ஷிஃப்டையே நிறுத்திவிட்டார்கள், முப்பது பேருக்கு மேல் வெளியே, அவளும்தான். "பரவாயில்லீங்க மேடம், எம்மேல தப்பில்லைன்னு பேப்பர் இருக்குதுல்ல, எங்க போனாலும் காட்டலாம்" என்றாள். நகல் அனுப்பி வைத்தேன். அந்த முப்பது பேரை நான் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

நவம்பர் 22, புதன்

ஒரு பாக்கி இருந்தது. சின்னராசு.

கல்யாண மண்டபம் ஒன்றில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறார் என்று தெரிந்தது. அறிக்கையின் ஏழாம் பக்கத்தை அவர் படிப்பதற்கென்று தமிழில் எழுதி எடுத்துக்கொண்டேன். மூன்று தடவை திருத்தி எழுதினேன், ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல். 'போல்ட்டை ஆசிட்டில் கழுவியவரே காரணம்' என்பதைத் தனி வரியாக வைத்தேன். ஆஸ்பத்திரியில் சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முகம் அதைப் படிக்கும்போது எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயற்கைப் பாதத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். என் ஸ்கூட்டருக்கு டோக்கனை நீட்டும்போதே என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீயா? இன்னும் யாரு காலை எடுக்க வந்திருக்கற?"

"பழைய கேஸுக்கு ரிப்போர்ட் வந்திருக்குங்க" என்றேன். "அன்னைக்கு அடுப்பு ஓடித்தான் இருந்துச்சு. நான் தூங்கலை. போல்ட் மேலயும் தப்பில்லை, எம்மேலயும் தப்பில்லை."

அவர் நம்பவில்லை. நான் மறுபடி சொன்னேன். சீல் போட்ட அறிக்கையைக் காட்டினேன். ஆங்கிலம். புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போல்ட்டு நல்ல போல்ட்டுதானுங்களா?"

"நல்ல போல்ட்டுங்க."

"நானும் அதைத்தான் அம்மிணி யோசிப்பேன். அஞ்சாறு நாள் முந்தித்தான் பூசைக்கு என்ற கையில கழுவுனேன். ஒரு கீறல் இல்ல, கண்ணாடியாட்டம் இருந்துச்சு. அப்படிப்பட்ட போல்ட்டு எப்படி ஒடையும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புடிபடல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப யாரு மேலங்க தப்பு?"

தாள் என் கைப்பையில் இருந்தது. ஜிப்பைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

"நஞ்சப்பன் மேல" என்றேன்.

"அவனா?"

"அவருக்கு எல்லாம் தெரியுங்க. தெரிஞ்சே மறைச்சுட்டாரு. அவராலதான்."

சின்னராசு நஞ்சப்பனைத் திட்ட ஆரம்பித்தார். அவன் குடி, அவன் பிள்ளை குட்டி, அவன் கட்டிய மூன்று கட்டடம், ஒன்றையும் விடவில்லை. எட்டு வருஷம் என் பெயரை வைத்துக்கொண்டு இதையெல்லாம்தான் சொல்லியிருப்பார். ஆள் மட்டும் மாறியிருக்கிறது. நான் நின்று கடைசி வரை கேட்டேன். பிறகு டோக்கனைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தேன்.